கடலிலிருந்து எழும்பிய ஜெட் விமானம்

தண்ணீரில் மிதக்கும் விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்குமா? பறந்தது! கடல் விமானங்களில் அப்படிப் பறந்தது அது ஒன்றுதான். பெயர் "ஸீ டார்ட்". கடல் அம்பு என்று சொல்லலாம்.

அப்போது அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கவலை. ஜெட் விமானங்களின் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை வேகமான விமானம் கப்பலின் சிறிய தளத்தில் எப்படி இறங்கும்? கடலையே தளமாக்கிவிட்டால் என்ன? இந்த யோசனைப்படி விமானம் கட்டும் வேலை 1951-ல் கான்வேர் கம்பெனிக்குக் கிடைத்தது.

முதுகில் மூச்சு

விமானத்துக்கு முக்கோண இறக்கை. தண்ணீர் புகாதிருக்க, எஞ்சின் காற்றை இழுக்கும் வாய்களை முதுகின் மேல் வைத்தார்கள். வயிற்றின் அடியில் சறுக்குப் பலகைகள். வேகம் பிடித்ததும் விமானம் அவற்றின் மேல் நின்று அலைமீது வழுக்கிச் சென்று எழும்பும்.

1953-ல் அது பறந்தது. ஆனால் தொல்லையும் கூடவே வந்தது. அலையில் சறுக்கும்போது விமானம் தடதடவென்று அதிர்ந்தது. எஞ்சினுக்கும் எதிர்பார்த்த பலம் இல்லை. 1954 ஆகஸ்டு 3-ந் தேதி, சற்றே கீழ்நோக்கிப் பாய்ந்தபோதுதான் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஓட்டியவர் சார்லஸ் ரிச்பர்க்.

கண்ணெதிரே விபத்து

மூன்று மாதம் கழிந்தது. நவம்பர் 4-ந் தேதி, சான் டியாகோ துறைமுகத்தில் அதிகாரிகளும் நிருபர்களும் கூடியிருந்தார்கள். விமானத்தை அவர்களுக்குப் பறந்து காட்டினார் ரிச்பர்க். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விமானம் நடுவானில் சிதறியது. அவர் உயிரிழந்தார்.

இதற்குள் கப்பல் தளத்தைக் கோணலாக அமைத்து, நீராவி விசையால் விமானத்தை உந்திவிடும் முறை வந்துவிட்டது. 1955-ல் "குருஸேடர்" என்ற கப்பல் விமானம், முதல் நாளே ஒலியின் வேகத்தைத் தாண்டியது. கடல் அம்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1957-ல் திட்டம் கைவிடப்பட்டது. கட்டியவை ஐந்து. எஞ்சிய நான்கும் இன்று பழம்பொருள்கள்.

பணம் பாழ் என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். முயன்று பார்த்தால்தானே எது ஆகும், எது ஆகாது என்று தெரியும்? தோற்ற முயற்சியும் ஒரு பாடமே.

ஆனால் சோதனை வேறு, வேடிக்கை வேறு. குறைகள் தீராத விமானத்தைக் கூட்டத்தின்முன் பறக்கவிட அவசரம் என்ன? விமானம் போனால் இன்னொன்று கட்டலாம். போன உயிரை யார் கட்டித் தருவார்?