ஐந்து ரூபாய் வாஷருக்கு ஒரு நாள் அலைச்சலா?

எங்கள் வீட்டு சமையலறை பைப், ஒரு வாரமாகச் சொட்டிக் கொண்டே இருந்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்கவில்லை. ராத்திரி அடியில் வைத்த பக்கெட், காலையில் நிரம்பி வழிந்தது. நல்ல கனமான பித்தளை பைப். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து விட்டது, அவ்வளவு தான்.

உள்ளூர் கடையில் இல்லை என்றதால், பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறினேன். முதல் கடையில், 'அதெல்லாம் தனியா வர்றதில்லைம்மா... புது பைப்பே வாங்கிடுங்க' என்றனர். அடுத்த கடைக்காரரோ, நான் கையோடு கொண்டு போன பழைய வாஷரை வாங்கிக் கூட பார்க்கவில்லை. 'சைஸ் தெரியாம வந்தா எப்படி? வீட்ல ஆம்பளைங்க இருந்தா அனுப்புங்க' என்று சொல்லி, அடுத்தவரைக் கவனிக்கப் போய் விட்டார். அரை இஞ்ச் பைப் என்று எனக்குச் சொல்லத் தெரியாதா? சொல்ல விட்டால் தானே!

கடைசியில், ஒரு சந்துக்குள் இருந்த சின்ன கடையில், பெரியவர் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, நாலைந்தை என் பழசோடு வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விலை ஐந்து ரூபாய். வீடு திரும்பும் போது மணி மூன்று. மெயின் வால்வை மூடி, நானே மாட்டினேன். பத்தே நிமிடம் தான்.

சொட்டுத் தண்ணீர் தானே என்று விட முடியுமா? கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் மாமியாரின் பற்களில், இன்றும் காவிக் கறை இருக்கிறது. நம் மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால் தானே, ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013ல் காவிரித் தண்ணீரைக் கொண்டு வந்தார்கள்? அந்தத் தண்ணீர், ஒரு வாஷர் கிடைக்காமல் சாக்கடைக்குப் போவது எவ்வளவு பெரிய பாவம்!

வாஷர் மட்டுமா? குக்கர் கேஸ்கட், மிக்சி கப்ளர் என எதைக் கேட்டாலும், 'கம்பெனி மாறிடுச்சு, புதுசு வாங்குங்க' என்பதே பதில். 2022 டிசம்பரில், மத்திய நுகர்வோர் துறை, 'பழுது பார்க்கும் உரிமை'க்காக தனி இணையதளமே தொடங்கியது. அந்த உரிமை நம்ம ஊர் கடை வாசலுக்கும் வர வேண்டாமா?

ஐந்து ரூபாய் வியாபாரத்துக்காக பத்து டப்பாவைக் கிளறுவது கடைக்காரருக்குக் கட்டுப்படி ஆகாது தான். அப்படியானால், பல சைஸ் வாஷர்களைச் சேர்த்து ஒரே பாக்கெட்டாக விற்கட்டும். இருபது ரூபாய் என்றாலும் வாங்கிக் கொள்வோம்.

இன்னொரு வழியும் உண்டு. தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள், 1989ல் முதன்முதலாகத் துவங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில் தான். ஊறுகாய், அப்பளத்தோடு, வாஷர், கேஸ்கட், கப்ளரையும் குழுவினர் வாங்கி வைத்து விற்கலாமே! மாட்டவும் கற்றுக் கொடுத்தால், நாலு பெண்களுக்கு வருமானம். நமக்கு பஸ் அலைச்சலும் மிச்சம், 'ஆம்பளைங்கள அனுப்புங்க' என்ற பேச்சும் மிச்சம்.

என்ன தோழியரே, உங்க ஊர் குழுவில் பேசிப் பார்க்கிறீர்களா?

— ஒரு வாசகி, பென்னாகரம்.