மழை கொன்றதா, சுவர் கொன்றதா?

2019 டிசம்பர் 2ந் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனியில் ஏறத்தாழ 20 அடி உயர மதில் சுவர் ஒன்று சரிந்தது. அதையொட்டி நின்ற நான்கு ஓட்டு வீடுகள் புதைந்தன. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம்.

கனமழையால் நேர்ந்த விபத்து என்று காரணம் கூறப்பட்டது. மழை பெய்தது உண்மையே. ஆனால் அந்த மழை நடூர் காலனியில் மட்டுமா பெய்தது? ஊர் முழுவதும்தான் பெய்தது. செத்தவர்களோ அத்தனை பேரும் சுவரின் ஒரே பக்கத்தில் வாழ்ந்தவர்கள்!

நீர் வடிய வழியில்லாத உயரமான சுவர், மழையில் ஊறினால் சாயும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அச்சுவரால் ஆபத்து என்று முன்னரே முறையிட்டதாகக் காலனி மக்கள் கூறினர். அது தீண்டாமைச் சுவர் என்றும் குற்றம் சாட்டினர். முறையீட்டைக் கேட்க அப்போது ஆளில்லை. ஆனால் பிணங்களை வாங்க மறுத்து நீதி கேட்டவர்கள்மீது தடியடி நடத்த மட்டும் போலீஸ் இருந்தது!

இது தனியொரு சம்பவமல்ல. 2014 ஜூலையில், திருவள்ளூர் மாவட்டத்தில் கிடங்கு ஒன்றின் மதில் மழையில் சரிந்து, அதனடியில் குடிசை போட்டிருந்த 11 கூலித் தொழிலாளர் மாண்டனர். 2019 ஜூலையில் மும்பை மலாடில் மாநகராட்சிச் சுவரே இடிந்து, குடிசைவாசிகள் சுமார் 30 பேரைப் பலிகொண்டது. ஊர்கள் வேறு. சுவர்கள் வேறு. செத்தவர்கள் மட்டும் ஒரே வர்க்கம்.

ஆபத்தான இடம் என்று தெரிந்தும் ஏழை ஏன் அங்கே குடியிருக்கிறான்? அவன் கூலிக்கு வேறிடம் கிடைப்பதில்லை. பஞ்சாலைகளாலும் விசைத்தறிகளாலும் செல்வம் குவிந்த கொங்கு நாட்டில், அச்செல்வத்தைப் படைத்த உழைப்பாளிக்குச் சுவரோரமும் பள்ளமும் வாய்க்கால் கரையுமே மிச்சம்.

நடூரில் குடும்பத்தை இழந்தோருக்கு நபருக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணமும், வேலையும், வீடும் அறிவிக்கப்பட்டன. நிவாரணம் தேவைதான். ஆனால் செத்த பிறகு அறிவிக்கும் வீட்டை, உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருந்தால் 17 உயிர்கள் போயிருக்குமா?

ஆகவே நாம் வற்புறுத்துகிறோம்: ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே, குடியிருப்புகளை ஒட்டிய உயர்ந்த சுவர்கள் அனைத்தையும் பொறியாளர்கள் பரிசோதிக்க வேண்டும். ஆபத்தானவற்றைச் சொந்தக்காரர் செலவிலேயே இடிக்க வேண்டும். மக்கள் கொடுக்கும் மனுவுக்குக் காலக்கெடு வைத்து எழுத்தில் பதில் தரவேண்டும். அலட்சியம் செய்யும் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். காலனி மக்களுக்குப் பாதுகாப்பான மனையும் பட்டாவும் வழங்க வேண்டும்.

மழையைத் தடுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. சுவரைத் தடுக்க முடியும். அதைச் செய்யவைப்பது மக்களின் ஒன்றுபட்ட குரலே!