கோடையில் ஒரு குட்டிக் கடல்

மே மாதப் பிற்பகல். தில்லியில் 42 டிகிரி வெயில். வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி, மீன் தன்னோடு பேசுவதாக நினைத்து ரசிக்கிறார். அது பேசவில்லை. மூச்சுத் திணறுகிறது.

2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தபின் கோமாளி மீனை அறியாத நகரத்துக் குழந்தை அபூர்வம். கடல் மீன் தொட்டி என்பது தங்க மீன் வளர்ப்பதன் சற்று ஆடம்பரமான வடிவம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செயற்கை உப்பைக் கரைத்து, விளக்கைப் போட்டு, பம்பை ஓடவிட்டால் போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் விட்டுப்போகும் ஒன்று, இந்தியக் கோடை.

கடலில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் நீர்தான் பிடிக்கும். மூடிக் கிடக்கும் மாடி அறையில் அந்த ஒரு டிகிரி ஒரே பிற்பகலில் ஏறிவிடும். பல ஆயிரம் ஆண்டுகளாக நிதானமான கடலில் வாழ்ந்து பழகிய உயிருக்கு இது பெரிய அதிர்ச்சி.

வெப்பம் முதலில் கைவைப்பது ஆக்ஸிஜனில். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல் நீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 6.7 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2தான். 25 டிகிரியில் நன்னீர் 8 மில்லிகிராமுக்கு மேல் வைத்துக்கொள்ளும். அதாவது உப்பு நீரில் தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு. வரவு குறையும் இந்த நேரத்தில்தான் செலவு கூடுகிறது: நீர் சூடானால் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து, அதிக ஆக்ஸிஜன் கேட்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் வெப்பம் ஏற ஏறக் கூடுதல் நச்சாகிறது.

பவளங்களின் கதை இன்னும் மோசம். அவற்றின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் ஒளியை உணவாக்கிப் பவளத்துக்குப் பங்கு தருகின்றன. வெப்பம் எல்லை மீறினால் இந்த உறவு முறிந்து, பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. பவளத்துக்குப் பழகிய கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே கடலில் வெளுப்பு தொடங்கிவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவுகளில் அதுதான் நடந்தது. 2024இலும் அதே நிலைமை. கடலுக்கே இந்தக் கதியென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு இருக்கலாம்?

பொதுவாக 25 முதல் 27 டிகிரி வரை பாதுகாப்பு. 28 வரை பல மீன்கள் சமாளிக்கும். 29ஐத் தாண்டினால் எச்சரிக்கை தேவை. ஆனால் எண்ணைவிட முக்கியம் நிலைத்தன்மை. நாள் முழுவதும் 27லேயே நிற்கும் தொட்டி, இரவில் 24க்கு இறங்கிப் பகலில் 29க்கு ஏறும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். ஆகவே காலையில் ஒரு முறை தெர்மோமீட்டரைப் பார்த்துவிட்டு அலுவலகம் போவதில் பயனில்லை. பிற்பகல் மூன்று மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

தொட்டியைச் சூடாக்குவது வெயில் மட்டுமல்ல. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் நீரில் வெப்பமாகத்தான் சேர்கிறது. 40 வாட் பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது விடும் வெப்பம், வெளியேற வழியே இல்லாவிட்டால், 200 லிட்டர் நீரை நான்கு டிகிரி ஏற்றப் போதுமானது. எனவே சிக்கனத்தைத் தொட்டிக்குள் தொடங்குவதே நல்லது. தேவைக்கு மேல் பெரிய பம்ப் வேண்டாம். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு இருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றலாம். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாலைக்கும் இரவுக்கும் தள்ளலாம். பவளத்துக்கு வேண்டியது இத்தனை மணி நேர ஒளி என்பதுதான். அது பகலா இரவா என்பதில் அதற்கு அக்கறையில்லை. ஜனவரிக் குளிருக்காகப் போட்ட ஹீட்டரின் பிளக்கை மார்ச்சிலேயே பிடுங்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் அணையாமல் போனால் விளைவு விபரீதம்.

மண்பானை தத்துவம்

அடுத்தது மின்விசிறி. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி சின்ன விசிறியைப் பொருத்தினால் நீர் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகிறது. 200 லிட்டர் தொட்டியில் இது கிட்டத்தட்ட மூன்று டிகிரிக்குச் சமம். சில நூறு ரூபாய்ச் செலவில் இதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது.

ஆனால் விசிறி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நீர் ஆவியாகும். தில்லியில் 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஆவியாதல் மூலம் நீரைக் கொண்டுபோகக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. மும்பையில் 33 டிகிரிதான் என்றாலும் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் எல்லை 28ஐத் தாண்டிவிடுகிறது. எத்தனை விசிறி வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. நடைமுறையில் அந்த எல்லையைத் தொடுவதே கடினம். ஆக, நாக்பூரிலும் ஜெய்ப்பூரிலும் கைகொடுக்கும் விசிறி சென்னை, கொச்சி, கொல்கத்தாவில் கைவிட்டுவிடும்.

வட இந்தியர்கள் ஏமாறுவது இன்னோர் இடத்தில். மே மாதத்தைச் சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது ஜூலை வருகிறது. மழை வந்தால் வெயில் குறைகிறது, ஈரப்பதமோ ஏறிவிடுகிறது. அதே விசிறி, அதே வேகம், ஆனால் தொட்டி நீர் 29, 30 என்று ஏறுகிறது. தில்லித் தொட்டிக்கு மே மாதத்தைவிட ஜூலை ஆபத்தானதாகிவிடலாம்.

கடற்கரை நகரங்களுக்கு ஒரு வழி உண்டு. தொட்டியை ஏ.சி. அறைக்கு மாற்றுவது. ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு உலர்த்தவும் செய்கிறது. ஆகவே அந்த அறையில் விசிறிக்கு மீண்டும் உயிர் வந்துவிடும். அறை 27, 28 டிகிரியில் இருந்தாலும் சின்ன விசிறி தொட்டியை 26 அளவில் நிறுத்திவிடும். ஏ.சி.யை 20க்குத் தள்ளி மின் கட்டணத்தைக் கூட்டத் தேவையில்லை.

விசிறி வைத்தவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று. ஆவியாவது நீர்; உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. கோடையில் நாளுக்குச் சில லிட்டர் காணாமல் போவது சாதாரணம். 200 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் 35ஆக இருந்த உப்பளவு 37ஐ நெருங்கிவிடும். இதை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் ஊறுகாய்தான் மிஞ்சும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும். மூடியை எடுத்த இடத்தில் வலை கட்டுங்கள். கடல் மீன்களில் பல, துள்ளிக் குதிப்பதில் கெட்டிக்காரர்கள்.

பாதுகாப்பும் முக்கியம். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வீட்டு விசிறியைத் தொட்டியின் மேல் கட்டித் தொங்கவிடுவதைவிட, கம்ப்யூட்டருக்குள் ஓடும் 12 வோல்ட் விசிறி உத்தமம். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர் இல்லாமல் கடல் தொட்டி வைக்கவே கூடாது.

ஐஸ் போடலாமா?

நேரடியாகப் போடக் கூடாது. உருகும் ஐஸ் உப்பளவைக் கெடுக்கும். குழாய் நீரில் செய்தது என்றால் குளோரினும் சேரும். பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்கவிடலாம். ஒரு லிட்டர் பாட்டில் 200 லிட்டரை அரை டிகிரிதான் குறைக்கும். நான்கைந்து பாட்டில்களை ஒரே நேரத்தில் போட்டு இரண்டு டிகிரியைச் சட்டென்று இறக்குவது மீனுக்கு வெயிலைவிடக் கெடுதல். ஒவ்வொன்றாகப் போடுங்கள். இது அவசர வைத்தியம், அன்றாட மருந்தல்ல.

நிரந்தரத் தீர்வு சில்லர். ஃப்ரிட்ஜ் போலவே கம்ப்ரஸர் உள்ள கருவி இது. கடல் நீருக்கு உகந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் உள்குழாய் டைட்டானியமாக இருப்பது அவசியம். தாமிரத்தை உப்பு அரித்துவிடும், கரையும் தாமிரம் பவளத்தையும் இறாலையும் கொல்லும். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறையில்தான் கொட்டுகிறது. ஆகவே அதைத் தொட்டியின் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்தால், தான் கக்கிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். காற்றோட்டமான இடமும், கணக்கிட்டதைவிட ஒரு படி பெரிய மாடலும் நம் ஊருக்குத் தேவை.

இவை எல்லாவற்றையும் ஒரே நொடியில் பயனற்றதாக்குவது மின்வெட்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின் தொகுப்பு விழுந்தபோது கோடிக்கணக்கானோர் இருளில் மூழ்கினார்கள். அவ்வளவு பெரிய விபத்து அபூர்வம். இரண்டு மணி நேர வெட்டு பல ஊர்களில் வாடிக்கை. அப்போது முதலில் தேவை குளிர்ச்சி அல்ல, நீரோட்டம். பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்ப், அல்லது இன்வர்ட்டரில் இணைத்த சின்னப் பம்ப், நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் மீன்கள் பல மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் தீனி போடவே வேண்டாம்.

தொட்டிக்குள் யாரைக் குடிவைப்பது என்பதிலும் யோசனை தேவை. கடினப் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீனுக்குத் தொட்டி வாழ்க்கை புதிதல்ல. பாறையிலிருந்து பிடித்து வந்த மீனைவிட அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும், பாறையும் பிழைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. கடைக்காரர்கள் டிசம்பரில் ஆசை காட்டுவார்கள். அப்போது எல்லாத் தொட்டியும் நன்றாகத்தான் இருக்கும். தொட்டியை ஏப்ரல் கடைசியில் வாங்குங்கள். உப்பு நீரை நிரப்பி, பம்பையும் விளக்கையும் ஓடவிட்டு, மீன் இல்லாமல் வையுங்கள். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா வளர எப்படியும் நான்கிலிருந்து ஆறு வாரம் மீனில்லாமல் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த வாரங்களில் தினமும் பிற்பகல் வெப்பநிலையை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 28ஐத் தாண்டவில்லை என்றால் மீன் வாங்கலாம். தாண்டினால், விசிறிக்கோ சில்லருக்கோ பணம் சேரும்வரை தொட்டி காலியாக இருக்கட்டும். காலித் தொட்டியால் யாருக்கும் நஷ்டமில்லை.