பாலம் தூக்குறாங்க!

அமெரிக்க ஜனாதிபதி காரில் வருகிறார். முன்னால் ஒரு வரிசை கார், பின்னால் ஒரு வரிசை கார், நடுவில் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். நம்ம ஊராக இருந்தால் அன்றைக்குப் பால்காரர்கூடத் தெருவில் நடமாட முடியாது. ஆனால் 1997 மே மாதம் லண்டன் டவர் பிரிட்ஜில் என்ன நடந்தது தெரியுமோ? பிரதமர் டோனி பிளேரோடு சாப்பிட்டுவிட்டு கிளின்டன் திரும்பிக்கொண்டிருக்கிறார். பாதிக் கார்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. மீதிக் கார்கள் பாலத்தில் ஏறுவதற்குள் 'டிங் டிங்' என்று மணியடித்து கேட்டைப் போட்டுவிட்டார்கள். பாலம் இரண்டாகப் பிளந்து மேலே போனது. கீழே 'கிளாடிஸ்' என்று ஒரு பாய்மரப் படகு ஒய்யாரமாக நகர்ந்து போனது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த படகு, சொன்ன நேரத்துக்கு வந்தது, போயிற்று. அவ்வளவுதான்!

அங்கே சட்டம் அப்படி. ஆறு முதலில் வந்தது, பாலம் அப்புறம்தான் வந்தது, அதனால் படகுக்குத்தான் முதல் மரியாதை. 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும். தம்பிடி கட்டணம் கிடையாது.

அதே தேம்ஸ் நதியில் இன்னும் மேலே போனால் லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை 44 இடத்தில் 'லாக்' வைத்திருக்கிறார்கள். லாக் என்றால் பூட்டு இல்லை, படகுக்கு லிஃப்ட். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். படகு பதவிசாகக் கீழே இறங்கும். முன்கதவு திறக்கும், "குட்மார்னிங்" சொல்லிவிட்டுப் போகலாம். நம்ம பக்கிங்ஹாம் கால்வாயிலும் ஒரு காலத்தில் இதே லாக்குகள் வேலை செய்தன. இப்போது அந்தக் கால்வாயில் சென்னைக்குள் படகு விடணும் என்றால் மூக்குக்கு முதலில் ஒரு லாக் தேவை. அந்தக் கதை வேண்டாம், விடுங்கள்.

நம்ம விஷயம் பாம்பன்.

ராமேஸ்வரம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாம்பன் பாலத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்க்கிறார்கள். "அம்மாடி, கடல்!" என்று ஒரு சத்தம், ஒரு போட்டோ, ஒரு முறுக்கு. அதே பாலத்தைக் கீழே படகில் நின்று பார்க்கிறவன் சமாசாரமே வேறு. அவனுக்கு அது பாலம் இல்லை, கேட். பூட்டிய கேட்.

பூகோளத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் பாஷையில் வடகடல், தென்கடல். நடுவில் மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் இடையே 2 கிலோமீட்டர் வாய்க்கால். அதிலும் படகு நம்பிப் போகக்கூடிய வழி ரொம்பக் குறுகல், மற்றதெல்லாம் பாறை. 1822-லேயே ஆர்தர் காட்டன் (பின்னாளில் கல்லணைக்கும் கோதாவரிக்கும் பேர் வாங்கினாரே, அதே ஆள்தான்) இங்கே வந்து கடலை அளந்து பார்த்திருக்கிறார். இருந்தும் பெரிய கப்பல் போகிற ஆழம் இன்றைக்கு வரை வரவில்லை. விசைப்படகு, இழுவைப் படகு, மிதவை, சின்னச் சைஸ் கப்பல், கடலோரக் காவல் படைக் கப்பல்... இவ்வளவுதான் போகலாம்.

இங்கே லாக் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே கடல்தானே, மேடு பள்ளம் எங்கே? ஆனால் கடலுக்கு அது தெரிய வேண்டுமே! கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் தென்கடல் தண்ணீர் வடகடலை நோக்கித் தள்ளும். வாடைக்காற்று ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழ், வடக்கேயிருந்து தெற்கே. அத்தனை தண்ணீரும் அந்தச் சின்னச் சந்து வழியாகத்தான் போயாகணும். தியேட்டரில் ஷோ முடிந்ததும் ஒரே ஒரு கதவைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. இந்த நீரோட்டத்துக்கு மீனவர்கள் வைத்திருக்கிற பேர் 'நீவாடு'. நீவாடு தெரியாதவன் பாம்பனில் சுக்கான் பிடிக்கக் கூடாது. அதனால்தான் வெளியூர்க் கப்பல் வந்தால் உள்ளூர் வழிகாட்டி ஏறுகிறார்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஜனவரி சாட்சி. கடற்படைக்கான ஒரு மிதவை, பொங்கலுக்கு முந்தின நாள், நீரோட்டத்தில் இழுபட்டு வந்து ரயில் பாலத்துத் தூணில் மோதிவிட்டது. ரயில் போக்குவரத்து நின்றது. கப்பல் தட்டியதால் ரயில் நிற்கிற அதிசயம் உலகத்தில் வேறு எத்தனை ஊருக்கு வாய்க்கும்!

பழைய பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. பனாமா கால்வாய் திறந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 15. ஆக பனாமாவுக்கு பாம்பன் ஆறு மாசம் சீனியர். பாலத்தின் நடுவில் இருந்தது ஷெர்சர் தூக்குப் பாலம். ஷெர்சர் அமெரிக்க எஞ்சினீயர். தன் டிசைன் பாம்பன் வரைக்கும் வந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1893-லேயே காலமாகிவிட்டார். டிசைன் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. நம்ம கிராமத்து ஏற்றத்தைப் பார்த்திருப்பீர்களே? ஒரு முனையில் சால், மறுமுனையில் கல் பாரம். அதே கணக்குத்தான். ஒவ்வொரு பாதியும் சுமார் 400 டன். பின்பக்கம் எதிர்ப்பாரம் இருப்பதால், ஊஞ்சல் நாற்காலி பின்னால் சாய்கிற மாதிரி உருண்டு மேலே போகும். இதில் வேடிக்கை என்னவென்றால் மோட்டார் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு கோஷ்டி, அந்தப் பக்கம் ஒரு கோஷ்டி. கம்பியைப் பிடித்துக் கையால் சுற்றுவார்கள். சந்திரனுக்கு ராக்கெட் விட்ட பிறகும் பாம்பனில் கைதான் சுற்றியது. திறந்து மூடி முடிக்க முக்கால் மணி ஆகும்.

இதைச் சாலைப் பாலத்தில் நின்று பார்க்கணும். (இந்தச் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. அதற்கு முன்னால் ராமேஸ்வரத்துக்கு ரயில், இல்லாவிட்டால் படகு. காரில் போவது என்ற பேச்சே இல்லை.) "பாலம் தூக்குறாங்க!" என்று யாராவது ஒருத்தர் கத்தினால் போதும். டூரிஸ்ட் பஸ் காலியாகிவிடும். வேன், கார், ஸ்கூட்டர் எல்லாம் நட்டநடுப் பாலத்தில் நின்றுவிடும். போலீஸ் விசிலை யாரும் மதிப்பதில்லை. நானும் ஒருதரம் அப்படி நின்றேன். பக்கத்தில் லுங்கியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர்.

"எத்தனை படகுண்ணே நிக்குது?"

"எண்ணிக்கிட்டா இருக்க முடியும் தம்பி? எல்லாம் நாகப்பட்டினத்துப் போட்டு. நாலு நாளா கெடக்குறானுவ."

"நாலு நாளா! பாலம் திறக்க அவ்வளவு நாளா?"

"பின்னே? ஒத்தப் போட்டுக்காகத் தூக்குவாங்களா? நாலு பேரு சேரணும். பணம் கட்டணும். ரயிலு இல்லாத நேரம் பாக்கணும். காத்தும் தோது குடுக்கணும்ல."

ஒரே மூச்சில் முழு நிர்வாக முறையையும் சொல்லிவிட்டார். விஷயம் அதேதான். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்டணும். அவர்கள் ரயில்வேக்குச் சொல்லணும். ரயில்வே இரண்டு ரயிலுக்கு நடுவில் ஓர் இடைவெளி ஒதுக்கணும். அதுவரை படகு நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். உள்ளூர் வள்ளங்களுக்குக் கவலையில்லை, மூடிய பாலத்துக்கு அடியிலேயே குனிந்து போய்விடும். உயரமான ஆழ்கடல் படகுகள்தான் மாட்டிக்கொள்ளும். திறந்த பிறகு பார்க்கணுமே! முதலில் கப்பல் வழிகாட்டியோடு கௌரவமாகப் போகும். அதன் வால் மறைவதற்குள் விசைப்படகுகள் 'நீ முந்தி, நான் முந்தி' என்று பாயும். ஒரு பக்கத்துப் படகெல்லாம் போன பிறகு எதிர்ப்பக்கத்துக்கு வழி.

நாலு நாள் காத்திருந்தால் என்ன என்று ஆபீசில் உட்கார்ந்திருக்கிற நமக்குத் தோன்றும். நமக்கு நாலு நாள் என்றால் இரண்டு கேஷுவல் லீவு, ஒரு சனி, ஒரு ஞாயிறு. படகில் இருக்கிறவனுக்கு நாள் நகர்ந்தால் சாப்பாடு செலவாகும், வருமானம் மட்டும் வராது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்கே ஜூன், ஜூலை. வருஷத்தில் தொழில் நாட்களே இப்படி வேலி போட்டுக் கிடக்கும்போது அவனுக்கு ஒவ்வொரு நாளும் காசு. பாம்பன் வேண்டாம் என்றால் மாற்று வழி? இலங்கையை முழுசா ஒரு சுற்றுச் சுற்றணும். அந்தக் கடலில் எல்லைக்கோடு தண்ணீர்மேல் தெரியாது, தாண்டினால் மட்டும் தெரிந்துவிடும். ஜெயில், படகு பறிமுதல் என்று வாரம் தவறாமல் பேப்பரில் படிக்கிறோமே, அதே சமாசாரம். ஆக அந்தக் கேட் திறக்கிறதா இல்லையா என்பது வெறும் வேடிக்கை இல்லை.

பாலத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அது பட்டது கொஞ்சமா? 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி ரயில் பயணிகளோடு கடலுக்குப் போனது. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விட்டன. ஷெர்சர் தூக்கு மட்டும் தப்பித்து நின்றது! ரிப்பேருக்கு ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாசம். ஸ்ரீதரன் என்ற 32 வயசு எஞ்சினீயர், கடலடியில் கிடந்த சட்டங்களையெல்லாம் தேடி எடுத்து 46 நாளில் முடித்தார். பிற்பாடு கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று போனவர் அவர்தான். 46 நாளில் நம்ம ஆபீசில் ஒரு மேஜை மாற்றித் தருவார்களா, யோசியுங்கள்.

அப்புறம் உப்பு. உலகத்திலேயே இரும்பு துருப்பிடிக்கிற இடங்களில் மியாமிக்கு அடுத்தது பாம்பன்தான் என்பார்கள். 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு கிட்டத்தட்ட மூன்று மாசம் ரயிலை நிறுத்தினார்கள். கடைசியில் 2022 டிசம்பர் 23-ம் தேதியோடு பெரியவருக்கு ரிட்டயர்மென்ட். 108 வருஷ சர்வீஸ்!

பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தைப் பிரதமர் மோடி 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்து வைத்தார். செலவு 550 கோடி ரூபாய் வாக்கில். இது இரண்டாகப் பிளக்காது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே படுத்த வாக்கில், மாடி ஏறுகிற லிஃப்ட் மாதிரி, 17 மீட்டர் மேலே போகும். இரண்டு பக்கமும் 34 மீட்டர் உயர கோபுரம், எதிர்ப்பாரம், மின்சார மோட்டார். கை வலிக்கச் சுற்றுகிற வேலை போச்சு. திறக்க ஐந்தரை நிமிஷம் போதும் என்கிறார்கள். திறப்பு விழா அன்றைக்கே கப்பல் போன பிறகு இறங்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. புது மாப்பிள்ளை முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

என் சந்தேகமே இங்கேதான். கையால் சுற்றின காலத்தில், முக்கால் மணி நேர வேலைக்கு நாலு படகு சேரட்டும் என்று சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஐந்தரை நிமிஷப் பாலத்துக்கும் ஏன் அதே விண்ணப்பம், அதே காத்திருப்பு? படகுக்காக எக்ஸ்பிரஸை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளின்டனை நிறுத்திய கதை லண்டனோடு இருக்கட்டும். ஆனால் டவர் பிரிட்ஜில் எந்தத் தேதி எத்தனை மணிக்கு எந்தப் படகுக்காகப் பாலம் திறக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுகிறார்கள். பஸ் டிரைவரும் பார்க்கலாம், படகுக்காரனும் பார்க்கலாம். ராமேஸ்வரம் ரயில்களுக்கு டைம்டேபிள் இருக்கிறது. நடுவில் எங்கே இடைவெளி என்று நானே பென்சிலால் குறித்துவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள், இன்ன மணிக்கு வடகடலிலிருந்து, இன்ன மணிக்குத் தென்கடலிலிருந்து என்று ஓர் அட்டையில் எழுதி நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி துறைமுகங்களில் மாட்டினால், டிரைவர் அங்கேயே கணக்குப் போட்டுக் கிளம்பி, சரியான நேரத்துக்கு பாம்பன் வந்து சேர்வான். காற்று கூடினால் ரத்து, அவ்வளவுதானே? காற்று சமாசாரம் அவனுக்குச் சொல்லித் தரணுமா என்ன! பாம்பனில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றுவதை மட்டும் ரேடியோ, டி.வி., பேப்பர் என்று ஊர் முழுக்கச் சொல்லத் தெரிகிறதே, பாலம் திறக்கிற மணியைச் சொல்ல என்ன கஷ்டம்?

அந்தப் பெரியவரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தேன். கடைசிப் படகு தாண்டுகிற வரைக்கும் பதில் பேசவில்லை. அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அட்டையில எழுதுறது இருக்கட்டும் தம்பி, அந்த வேனை முதல்ல எடுக்கச் சொல்லுங்க, எம் பஸ்ஸு பின்னாடி நிக்குது" என்றார்.