ஏட்டைக் காப்பவனும் ஏட்டைக் கிழிப்பவனும்



சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தந்தை. அவருடைய மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். இப்போது இலண்டன் நகரில் பணிபுரிகிறான். “உஸ்தாத் அவர்களே! என் மகன் தன் மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தை ஏலத்தில் எடுத்திருக்கிறான். ஓவியரின் கையெழுத்து இருக்கிறதாம், முதற்பதிப்பாம். அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் கேட்டால் அடுத்த மாதம் என்கிறான். இது கல்வி ஆர்வமா, வீண்விரயமா? தாங்கள்தாம் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்று அவர் எழுதியிருந்தார்.

அவர் கேட்டது என்னிடம் என்றாலும், இன்று பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பல இல்லங்களில் இத்தகைய கேள்வி எழக்கூடும். ஆகவே விடையை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், மகன் வாங்கிய நூல் எத்தகையது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அது 1907 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ‘அரபிய இரவுக் கதைகள்’. லாரன்ஸ் ஹவுஸ்மன் என்பவர் ஆங்கிலத்தில் மீட்டெழுத, எட்மண்ட் டியூலாக் ஐம்பது வண்ணப் படங்கள் தீட்டினார். பொதுமக்களுக்கான பதிப்போடு, 350 படிகள் மட்டும் தனியே சிறப்பாக அச்சிடப்பெற்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் வரிசை எண் இட்டு ஓவியர் தம் கையால் ஒப்பமிட்டார். டியூலாக் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் பிறந்தவர். சட்டம் பயிலத் தொடங்கிப் பின் ஓவியத்திற்கு வந்தவர். பாரசீகச் சிற்றோவியங்களைக் கூர்ந்து கற்றவர். அவர் காட்டும் கிழக்குத் திசை நம் முன்னோர் வாழ்ந்த கிழக்கு அன்று. ஓர் ஐரோப்பியரின் கனவில் தோன்றிய கிழக்கு. எனினும் அந்த நீல இரவுகளைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

அக்காலத்தில் இத்தகைய நூல்கள் பல வெளிவந்தன. ஆர்தர் ராக்கம் படம் வரைந்த ‘ரிப் வான் விங்கிள்’ 1905 இல் 250 படிகளும், ‘கென்சிங்டன் தோட்டத்தில் பீட்டர் பான்’ 1906 இல் 500 படிகளும் ஒப்பமிட்டு வெளியாயின. வண்ண வடிகட்டிகளின் வழியே ஓர் ஓவியத்தை மூன்று முறை ஒளிப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அப்போது வளர்ந்திருந்தது. அதற்கு வழவழப்பான பூச்சுத்தாள் தேவை. ஆகவே படங்களைத் தனித்தாளில் அச்சிட்டு, விளிம்பில் மட்டும் பசை தடவி, கெட்டித்தாளில் ஒட்டி, மேலே மெல்லிய காப்புத்தாளும் வைத்தனர். சிறப்புப் படிகளுக்குப் பதப்படுத்திய தோலால் கட்டடம் செய்து பட்டு நாடாவும் கோத்தனர். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளைக் காசுக்கு உதவாத படக்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அரிய நூல் என்பதற்காக மட்டும் எந்த விலையும் தகுமா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

உமர் கையாமைக் கணித மேதையாகவும் வானியலாளராகவும் நாம் அறிவோம். முப்படிச் சமன்பாடுகளை ஆராய்ந்தவர்; சல்ஜூக் சுல்தான் மலிக்ஷா காலத்து நாட்காட்டித் திருத்தத்தில் பங்கேற்றவர். அவர் பெயரால் வழங்கும் ருபாயியாத்துகளை எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்ட் ஆங்கிலமாக்கி, 1859 இல் தம் பெயரைக்கூட இடாமல் 250 படிகள் அச்சிட்டார். வாங்குவார் இல்லை. இறுதியில் கடை வாசலில் ஒரு பென்னிக்கு விற்கும் பெட்டியில் அவற்றைப் போட்டனர். 1861 இல் சில அறிஞர்கள் அங்கே எடுத்துப் படித்த பின்னரே அந்நூலுக்குப் புகழ் வந்தது. அதே முதற்பதிப்பு பின்னாளில் செல்வந்தரும் தேடி அலையும் பொருளாயிற்று. ஏட்டில் இருந்த எழுத்து ஒன்றுதான். மாறியது மனிதரின் விருப்பமே. இன்று ஏறும் விலை நாளை இறங்கவும் கூடும் என்பதை, நூலைச் சொத்தாக மட்டும் கருதுவோர் நினைவில் வைப்பது நலம்.

இதே ருபாயியாத்துக்கு நேர்ந்த மற்றொரு கதையும் உண்டு. எலிஹு வெட்டர் படம் வரைந்த பதிப்பின் படி ஒன்றிற்கு, இலண்டன் நூற்கட்டுக் கலைஞர் பிரான்சிஸ் சங்கோர்ஸ்கி ஏறத்தாழ இரண்டாண்டுகள் உழைத்து அட்டை அமைத்தார். தோகை விரித்த மூன்று மயில்கள், 1,050 மணிக்கற்கள், ஏறத்தாழ ஐயாயிரம் தோல் துண்டுகள். ஆயிரம் பவுண்டு விலை குறித்த அந்நூல், அமெரிக்கச் சுங்க வரித் தகராறினால் திரும்பி வந்து, 1912 மார்ச் 29 அன்று ஏலத்தில் 405 பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவருக்காக அது ஏற்றப்பட்ட கப்பல் டைட்டானிக். ஏப்ரல் 15 அன்று கப்பலோடு நூலும் கடலில் மூழ்கியது. சில வாரங்களில் சங்கோர்ஸ்கியும் கடலில் நீராடச் சென்று உயிரிழந்தார். பின்னர் ஸ்டான்லி பிரே என்பவர் அதே வடிவில் இரண்டாம் படியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பெட்டகத்திற்குள் இருந்தும் அது வெப்பத்தால் அழிந்தது. மனம் தளராமல் முதுமையில் மூன்றாவதையும் அவர் 1989 இல் முடித்தார். அது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

அலங்காரத்திற்குச் செலவிட்ட பொருள் எத்தனை விரைவில் கைவிட்டுப் போகிறது என்பதற்கு இது சான்று. ஆயினும், அழிந்ததை மீண்டும் மீண்டும் செய்து முடித்த அந்தக் கைகளின் பொறுமையையும் நாம் மறக்கலாகாது.

சேகரிப்பு ஆசை எல்லை மீறினால் மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதற்குத் தாமஸ் வைஸ் ஒரு பாடம். இங்கிலாந்தின் தலைசிறந்த நூற்சேகரிப்பாளர் என்று மதிக்கப்பெற்றவர் அவர். புகழ்பெற்ற கவிஞர்களின் முதற்பதிப்புகள் என்று சொல்லிப் பல சிறு நூல்களைத் தாமே இரகசியமாக அச்சிட்டு, பழைய ஆண்டுகளைப் பொறித்து விற்றார். 1934 இல் ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்டு என்னும் இருவர் அந்தத் தாள்களை ஆராய்ந்தனர். 1847 என்று ஆண்டு குறித்த நூலின் தாளில், பல ஆண்டுகள் கழித்தே வழக்கத்திற்கு வந்த மரக்கூழ் இருந்தது. பொய்யைத் தாளே காட்டிக் கொடுத்துவிட்டது! 1937 இல் வைஸ் இறந்தபின் அவருடைய நூலகத்தைப் பிரித்தானிய அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதே அருங்காட்சியகத்தின் பழைய நாடக நூல்களிலிருந்து ஏடுகளைத் திருடி, தம் படிகளின் குறைகளை அவர் நிரப்பியிருந்தார் என்பது 1959 இல் வெளியாயிற்று. தன் பொருளைத் தானே காசு கொடுத்து வாங்கியதாக முடிந்தது.

இன்னொரு செய்தி நம் நெஞ்சை இதைவிடவும் வருத்துவது. பிர்தௌசியின் ஷாநாமாவைப் பதினாறாம் நூற்றாண்டில் தப்ரீஸ் நகரில் ஷா தஹ்மாஸ்ப் மன்னருக்காக எழுதி, 258 ஓவியங்களால் அணி செய்தனர். 1568 இல் அது உதுமானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்கு அன்பளிப்பாகச் சென்றது. பல நூற்றாண்டுகள் கலையாமல் இருந்த அந்நூலை 1959 இல் ஆர்தர் ஹௌட்டன் என்னும் அமெரிக்கச் செல்வர் வாங்கினார். வாங்கியவர் அதைப் பிரித்தார். 78 ஓவியங்களை நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். பிறவற்றைத் தனித்தனியே விற்கத் தொடங்கினார். அவர் இறந்த பின், 1994 இல், எஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்து ஏடுகளையும் ஈரான் நாடு ஒரு நவீன ஓவியத்தைக் கொடுத்து மாற்றாகப் பெற்றது. 2011 இல் அந்நூலின் ஒரே ஓர் ஏடு 74 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. பணம் குவிந்தது உண்மைதான்; ஆனால் அந்நூலை முழுமையாகக் காணும் பேறு இனி எவருக்கும் இல்லை.

நம் மாணவன் வாங்கிய நூலுக்கும் இதே ஆபத்து உண்டு. டியூலாக், ராக்கம் படங்களைக் கத்தரித்துச் சட்டமிட்டுத் தனித்தனியே விற்கும் வணிகர்கள் இருக்கின்றனர். ஆகவே, இத்தகைய நூலை வாங்குவோர் கையெழுத்தை மட்டும் பார்த்து மயங்காமல், ஐம்பது படங்களும் உள்ளனவா, வரிசை எண் உள்ள தாள் அந்நூலுக்கே உரியதா, காப்புத்தாள்கள் நிறைவாக உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் செஸ்டர் பீட்டி. சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய இவர், அரபு, பாரசீகச் சுவடிகளையும் திருக்குர்ஆன் படிகளையும் அரிதின் முயன்று திரட்டினார். பக்தாதில் இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391 இல் எழுதிய குர்ஆன் பிரதி அவற்றுள் ஒன்று. 1968 இல் அவர் மறைந்தபோது, அனைத்தையும் பொதுமக்களின் பயனுக்கென்று அயர்லாந்தில் விட்டுச் சென்றார். டப்ளின் நகரில் இன்றும் எவரும் சென்று காணலாம். ஹௌட்டனும் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். பீட்டியும் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். ஒருவர் தம்மை உரிமையாளர் என்று எண்ணினார். மற்றவர் தம்மை அமானிதம் காப்பவர் என்று எண்ணினார்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

தம்பி! உன் ஆர்வத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் உன் மீது கடமையான செலவு இருக்க, விருப்பமான செலவை முன்னே வைத்தது பிழை. தங்கையின் கட்டணத்தை இந்த மாதமே அனுப்பு. வேறு வழி இல்லையெனில் அந்த நூலை விற்றேனும் அனுப்பு. விற்கும்போது ஒரு படத்தையும் பிரிக்காமல் முழு நூலாகவே விற்பாயாக; குறை ஏதேனும் இருந்தால் மறைக்காமல் சொல்வாயாக. கட்டணத்தை வேறு வகையில் அனுப்ப முடிந்தால், நூலை வைத்துக்கொள். வெயில் படாத, ஈரம் அண்டாத இடத்தில் வை. தோலட்டை ஈரத்தில் வளைந்துவிடும். கிழிந்தால் ஒட்டு நாடா போடாதே. உனக்குப் பின் அது யாரிடம் சேர வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வை. பூட்டிய அலமாரியில் கிடப்பதற்காக ஓர் ஓவியர் ஐம்பது படங்கள் தீட்டவில்லை.

தந்தையாரே! தங்கள் கவலை நியாயமானது. எனினும் தங்கள் மகன் பொருளை மதுவிலும் சூதிலும் இழக்கவில்லை; ஓர் ஏட்டின் அழகில் மயங்கினான். திருத்தக் கூடிய பிழை இது. விடுமுறையில் ஊர் வரும்போது அந்நூல் அவன் கையில் இருந்தால், கோபத்தை ஒதுக்கிவிட்டு, “காட்டு, மகனே, பார்க்கலாம்” என்று கேளுங்கள். கை கழுவி வந்து அவனுடைய தங்கையும் அருகில் அமரட்டும். அவள் பார்த்து முடிக்கும் வரை பக்கங்களை அவனே புரட்டிக் காட்டட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.