சாக்குப்பைக் காருண்யம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு கூடிற்று. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர்ப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடி, ஒரு முடிவும் காணாமல் ஓய்ந்துபோன அதே அன்பர்கள், 'பூனைத் தொல்லை' என்ற பொருள் வந்தபோது மூன்றே நிமிஷத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். தெருவில் உள்ள பூனைகளை எல்லாம் பிடித்து 'அப்புறப்படுத்துவது' என்பது தீர்மானம்.

"அப்புறம் என்றால் எந்தப் புறம் சார்?" என்று நான் கேட்டேன்.

"எங்கேயாவது ஏரிக்கரையிலே விட்டுடலாம் சார். நாம என்ன கொல்லவா போறோம்? நமக்கும் ஜீவகாருண்யம் இருக்கு" என்றார் செயலாளர். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கூட்டம் கை தட்டிற்று.

எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணிப் பயணத்தில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனையும் தவம் செய்கிறது. பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியபடி அது கடுந்தவம் புரிய, அதை நம்பிக் காலடியில் எலிகள் கூடியிருக்கின்றன. பொய்த் தவத்தைக் கேலி செய்யப் பல்லவச் சிற்பிக்குப் பூனைதான் கிடைத்தது. இன்று அவன் திரும்பி வந்து எங்கள் பொதுக்குழுவைப் பார்த்தால், பூனையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் எங்களை நிறுத்தியிருப்பான்.

தமிழிலே சாக்கு என்றால் பை. சாக்கு என்றால் பொய்க் காரணம். பூனை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எங்கோ விடுவது கருணை அல்ல. கொலையைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு.

பூனைக்கு ஊர் என்பது மனிதரல்ல, இடம். இந்தச் சுவர், அந்தத் தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது வீட்டுக் கார் நிழல் என்று மோப்பத்தால் எழுதி வைத்த ஒரு பட்டாவின்மேல்தான் அது வாழ்கிறது. தெரியாத ஏரிக்கரையில் அவிழ்த்து விட்டால், அங்கே ஏற்கெனவே பட்டாதாரர்கள் இருக்கிறார்கள், அடித்து விரட்டுகிறார்கள். எங்கே தண்ணீர், எங்கே இரை, எந்த நாய் எந்த நேரத்தில் வரும் என்று அதற்குத் தெரியாது. பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டால் நடுவிலே ஜி.எஸ்.டி. சாலை கிடக்கிறது. தாய்ப்பால் மறவாத குட்டிகளுக்கு இவ்வளவு தூரம்கூட வேலை இல்லை. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்காக ராஜ்ய சபையில் பாடுபட்டவர், இதே தென்சென்னையில் திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல். அவருடைய நடனப் பள்ளியில் பெண்ணைச் சேர்க்கத் தவம் கிடக்கிற நாம், அவருடைய சட்டத்தை மட்டும் படிக்கவில்லை.

ஏரிக்கரை என்கிறோமே, அது யாருடைய வீடு? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் உலக ராம்சர் பட்டியலில் ஏறியது பறவைகளின் பெருமையும் சேர்ந்துதான். நன்மங்கலம் காட்டுப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன. பூனை பறவையைத் தின்னும் என்பது உண்மை. அதை மறைத்துப் பூனைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் தெருவில் எலியும் எச்சிலும் தின்று பிழைத்த பூனையைக் கொண்டுபோய்ப் பறவைகள் கூடு கட்டும் கரையில் பட்டினியோடு விடுகிறவர், ஒரே சாக்கில் இரண்டு பாவங்களைக் கட்டுகிறார்.

சரி, தெருவுக்காவது லாபமா? அதுவும் இல்லை. பூனை எங்கள் தெருவுக்கு வந்தது எங்கள் முகத்துக்காக அல்ல. மீன்காரர் போட்டுவிட்டுப் போகும் செதிலும் குடலும், ஓட்டல் குப்பை, எலி, கார் நிறுத்தும் கீழ்த்தளத்து நிழல் ஆகியவற்றுக்காக வந்தது. பத்துப் பூனைகளை அகற்றினால் பத்துப் பூனைகளின் சோறு மிஞ்சுகிறது. அடுத்த தெருப் பூனை அதைத் தேடி வருகிறது. அதுவும் இந்தப் புறநகரில் வருகைக்குக் குறைவே இல்லை. கிணறும் மாமரமும் உள்ள பழைய வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டும் போதெல்லாம், அந்த வீட்டுப் பரணில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த பூனைகள் தெருவுக்கு வருகின்றன. நாம் குடியேறியதால்தான் அவை குடிபெயர்ந்தன. பிறகு நாமே சங்கம் வைத்து, 'இவை எங்கிருந்து வந்தன?' என்று கேட்கிறோம்.

நாய் விஷயத்தில் சென்னை இந்தப் பாடத்தை மிகுந்த செலவு செய்து படித்தது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மாநகராட்சி தெருநாய்களைக் கொன்று வந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக்கூடக் கொன்றது. நாய் குறையவில்லை. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ், 1960-களிலிருந்தே 'கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள்' என்று சொல்லி வந்தது. மாநகராட்சி அதற்குச் செவி சாய்த்தது 1996-ல். நாய்களுக்கென்று மத்திய சர்க்காரின் விதி 2001-ல் வந்தது. 2023-ல் புது விதி வந்தது. நாய் பிடிக்கும் வண்டி எங்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்திருக்கிறேன். பூனைக்காக ஒரு வண்டி வந்து பார்த்ததில்லை. பூனை கடித்துப் பத்திரிகையில் செய்தி வந்தால் ஒருவேளை வரலாம்.

ஆகவே பூனைக்கு நாம்தான் மணி கட்டியாக வேண்டும். என்ன மணி? பிடிப்பது, கருத்தடை செய்வது, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவது. இது என் கற்பனை அல்ல. ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் குத்துண்டு விழுந்த இடத்து இடிபாடுகளில் பூனைகள் வாழ்கின்றன. இத்தாலியர்கள் அவற்றைச் சாக்கில் கட்டவில்லை. தன்னிச்சையாகத் திரியும் பூனைகளைத் துன்புறுத்தலாகாது, கருத்தடை செய்து அவற்றின் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 1991-ல் சட்டமே செய்தார்கள்.

தீர்மானக்காரர்களை இவ்வளவு திட்டினேன். எதிர்க்கட்சியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது பூனைக்குச் சோறு போடுகிற கட்சி.

எங்கள் தெருவில் அந்தக் கட்சியின் தலைவி எதிர்வீட்டு மாமி. பதினோரு பூனைகளுக்குத் தினமும் இரண்டு வேளை படியளக்கிறவர். "ஆபரேஷன்" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"தாயாகிறதைத் தடுக்கிறது மகாபாவம். மார்ஜார கிசோர நியாயம்னு பெரியவா சொல்லியிருக்காளே, தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். பூனைக்குட்டி ஒரு முயற்சியும் செய்வதில்லை. தாயே அதைக் கழுத்தில் கவ்விக் காப்பாற்றுகிறது. அதுபோல் ஆண்டவன் ஜீவனைக் காப்பாற்றுவான் என்பது தென்கலையார் சித்தாந்தம். அழகான உவமை. ஆனால் தாய்ப்பூனை குட்டியை எப்படிக் கவ்வுகிறது என்று நூற்றாண்டுக் கணக்காக வாதாடிய நாம், ஆண்டுக்கு எத்தனை தரம் கவ்வுகிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

"மாமி, தை மாசத்திலேயிருந்து உங்க கொல்லையிலே எத்தனை குட்டி பிறந்தது?"

விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது."

"இப்போ எத்தனை இருக்கு?"

மாமி பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், இரண்டுதான் மிச்சம். ஒன்று கார்ச் சக்கரத்தில் போயிற்று. இரண்டு மழையில் விறைத்தன. மற்றவை கண் ஒட்டி, மூக்கு ஒழுகி, ஒரு மூலையில் சுருண்டு போயின. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தவர் மாமிதான்.

பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்பட்டுவிடும். ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். சோற்றை மட்டும் போட்டுக் கருத்தடையை மறுப்பது, சாவதற்கென்றே குட்டிகளைப் பெறச் சொல்வது. அந்தப் புண்ணியத்துக்குப் பால் கிண்ணம் ஒரு கேடா? சாக்கில் கட்டுகிறவர் ஒரு தரம் கொல்கிறார். வெறும் சோறு போடுகிறவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் சாகக் கொடுக்கிறார்.

மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "எப்போ கூண்டு கொண்டு வரேள்?" என்று கேட்டார்.

பிடிக்கிற வேலையின் நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தெருவுக்கு உதவும். எலிப்பொறியையே பெரிதாக்கினாற்போன்ற கூண்டு. உள்ளே போய்ப் பலகையை மிதித்தால் கதவு விழும். முதல் நாள் இரவு சோற்றை நிறுத்த வேண்டும். பசித்தால்தான் பூனை நுழையும், வெறும் வயிறாக இருந்தால்தான் மயக்க மருந்தும் ஆபத்தில்லாமல் இறங்கும். கடைக்கோடியில் பொரித்த மீன்தலை. கதவு விழுந்த கணமே கூண்டைத் துணியால் மூட வேண்டும். இருட்டினால் பூனை அடங்கும். கையால் பிடிக்கவே கூடாது. என் வலது மணிக்கட்டில் இருக்கிற தழும்பு இந்தப் பாடத்தின் முதல் பதிப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டர் அறுவை முடிந்ததும் ஒரு காதின் நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவார். அதே பூனை இரண்டாம் தரம் கத்திக்குப் போகாமல் இருக்க அதுவே அடையாளம். மயக்கம் முழுதும் தெளிந்து, சாப்பிட்டு, காயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாலைந்துக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் ஒரு பயனும் இல்லை. கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும். புதிதாக வருகிறவற்றுக்கும் செய்ய வேண்டும்.

மாமியின் குரலுக்குத்தான் பூனைகள் வந்தன. அவர் இல்லாவிட்டால் எங்கள் கூண்டில் ஓணான்கூட விழுந்திராது. தெருவில் சோறு போடுகிறவரைப் பகைத்துக்கொண்டு ஒரு பூனையையும் பிடிக்க முடியாது என்பதைத் தீர்மானம் போடும் சங்கங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சமிருந்த இரண்டு குட்டிகளில் ஒன்று ஆறு வார வயது. என் மகள் அதைக் குளியலறையில் வைத்து, விரல் நுனியில் மீன் தடவி ஊட்டி, துண்டில் சுற்றி மடியில் போட்டுப் பதினைந்து நாளில் மனிதரைப் பழக்கிவிட்டாள். இப்போது அது குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் சோபாவில் உறங்குகிறது. மற்றது நாலு மாதம் தாண்டியது. ஒரு மாதம் முயன்றும் எங்களைக் கண்டால் சீறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதக் கை படாத பூனைக்கு மனிதன் எப்போதும் ஆபத்துதான். அதை அடைத்துவைத்து அன்பு செலுத்துவது நம் ஆசைக்கு, அதன் நன்மைக்கல்ல. கருத்தடை செய்து தெருவிலேயே விட்டோம். இன்றும் என்னைக் கண்டால் ஓடுகிறது. ஓடட்டும். நம்மை நேசிக்கிற ஒன்றுக்கு நல்லது செய்வது பிரியம். நம்மைக் கண்டு அஞ்சுகிற ஒன்றுக்கு நல்லது செய்வதுதான் நியாயம்.

இவ்வளவு பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பத்து வருஷத்துக்கு முன், மொட்டை மாடியில் என் பழைய புத்தகப் பெட்டிக்குள் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டது. நாவல் முடிகிற நேரம்; சத்தம் பொறுக்கவில்லை. ஓர் இரவு குட்டிகளை அரிசிச் சாக்கில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் செம்பாக்கம் ஏரிக்கரையில் வைத்துவிட்டு வந்தேன். 'யாராவது எடுத்துக்கொள்வார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செயலாளர் சொன்ன அதே வாக்கியத்தின் அண்ணன் அது. அன்றிலிருந்து நாலு இரவு அந்தத் தாய் மாடிப்படியில் ஏறி இறங்கிக் கத்திற்று. ஐந்தாம் இரவு நின்றது. அந்த நாவலில் தாய்ப்பாசத்தை உருக்கமாக எழுதியிருக்கிறேன் என்று பலர் கடிதம் போட்டார்கள்.

இந்தக் கோடையில் மாமி வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. இரவுக் கூச்சலும் கடுவன்களின் சண்டையும் பெரும்பாலும் அடங்கிவிட்டன. புதிதாக இரண்டு பூனைகள் வந்திருக்கின்றன. ஒன்று கூண்டுக்கு அகப்படாமல் எங்களை அலைக்கழிக்கிறது. எல்லாம் சேர்த்து ஆன செலவு, எங்கள் சங்கம் ஆண்டு விழாவில் பிரமுகர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடைச் செலவைத் தாண்டவில்லை.

ஆனாலும் சென்ற ஆண்டுத் தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் எல்லோருடைய கையெழுத்தோடும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பொதுக்குழு. மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்மானத்தை அடித்துவிட்டு, 'பூனைக் கருத்தடை' என்று கணக்கில் ஒரு பற்று எழுத வேண்டும் என்று நான் கேட்கப் போகிறேன். மறுக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்பேன்: சாக்கைக் கட்டி ஏரிக்கரையில் வைத்த பிறகு, ஒரே ஓர் இரவு அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் இருந்து பார்க்கவில்லை. அதனால்தான் என்னால் வைக்க முடிந்தது.