பூனையைச் சாக்கில் கட்டும் முன்



போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்த வீட்டு மகள் நாலு மாதக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் 'டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ்' என்று வந்திருந்தது. "பூனையால வர்ற கிருமியாம்மா. இனிமே அதை எப்படி வீட்டுல வெச்சுக்கறது?" என்றார் அவளுடைய அம்மா. ஆறு வருஷமாக அந்த வாசற்படியில் படுத்துக் கிடந்த பூனை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயிற்றில் பிள்ளை என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஆனால் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் மட்டும் பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் அது எப்போதோ வந்துபோன தொற்றின் தடயம். பழைய தொற்று பொதுவாகப் பிள்ளைக்குப் பாதுகாப்பே தவிர ஆபத்து இல்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் கவலை. ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் பாசிட்டிவாக இருந்தால், டாக்டர்தான் மேற்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற இந்த ஒட்டுண்ணியை 1908-ல் துனிஸ் நகரில், குண்டி என்ற வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கின் உடம்பில் கண்டுபிடித்தார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்குள் பல வம்சங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மூன்று வம்சங்கள்தான் அதிகம். முதல் வம்சத்தின் ஒரே ஓர் ஒட்டுண்ணி போதும், ஆய்வக எலி செத்துப்போகும். மற்ற இரண்டும் அவ்வளவு கொடியவை இல்லை.

தென் அமெரிக்காவில் கதையே வேறு. எந்த ஊர் மண்ணில் எந்த வம்சம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? நாட்டுக்கோழியை வைத்துத்தான்! நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்தித் தின்பதால், பூனை மலம் வழியாக மண்ணில் சேர்ந்தது கோழியின் உடம்புக்கும் வந்துவிடும். இந்தியாவில் பிறந்து, அமெரிக்க வேளாண் துறையில் விஞ்ஞானியாக இருந்த ஜே. பி. துபே, பல நாடுகளின் கோழிகளிலிருந்து இந்த ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்தவர். பிரேசில் கோழிகளில் கிடைத்தவை விதவிதமானவை. அவற்றில் பல, எலிகளைக் கொன்றன.

மனிதர்களும் தப்பவில்லை. பிரெஞ்சு கயானாவின் காட்டுப் பகுதிகளில், திடகாத்திரமான பெரியவர்களே நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். பிரேசிலின் சாண்டா இசபெல் டோ இவாயி என்ற சிற்றூரில், 2001 கடைசியில் குடிதண்ணீர் வழியாக 400-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியருகே பூனைகள் வாழ்ந்துவந்தன.

அப்படியானால் கொடிய வம்சம் வந்தால் எல்லாரும் காலியா? இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் விஞ்ஞானி ஜொனாதன் ஹோவர்டு குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வை நான் இரண்டு தடவை படித்தேன். ஆய்வக எலியைச் சாகடிக்கும் அதே ஒட்டுண்ணியை, தென்னிந்தியாவில் பிடித்த காட்டெலிகளின் வம்சத்தில் வந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவை பிழைத்துக்கொண்டன. அந்த எலிகளின் செல்களில் இருக்கும் ஒரு புரதம், ஒட்டுண்ணியின் ஆயுதத்தையே செயலிழக்கச் செய்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? பூனை வாய்க்குப் போகும்வரை எலி உயிரோடு இருந்தால்தான் ஒட்டுண்ணிக்கும் பிழைப்பு. ஆகவே வீரியம் என்பது கிருமிக்குள் மட்டும் இல்லை. எந்த வம்சம், எந்த உடம்பு என்பதைப் பொறுத்தது. எலிக்கு எமனாக இருப்பது மனிதருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. எலிக்குச் சாது என்பதால் நாம் அசட்டையாக இருக்கவும் முடியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பூனை இந்த ஒட்டுண்ணியின் முட்டைகளைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் வெளியேற்றும். அதுவும் பொதுவாக, வேட்டை பழகும் குட்டிப் பருவத்தில். ஆறு வயசுப் பூனையைத் துரத்தி என்ன பயன்? புதுசாகப் போட்ட மலம் உடனே தொற்றாது. குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். தினமும் அள்ளிவிட்டால் போதும். கர்ப்பிணி அள்ள வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். மண்ணில் கலந்துவிட்டால் மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். தோட்ட வேலை செய்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரியை நன்றாக அலச வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான்.

எனக்கு இன்னொரு கவலை, நம் அடுப்படி. பச்சைக் கறியிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கலாம். கொதித்த குழம்பில் பயம் இல்லை. ஆனால் கோலா உருண்டைக்குக் கொத்துக்கறி பிசையும்போது, உப்புப் பார்க்க ஒரு சிட்டிகை நாக்கில் வைக்கிறோமே? கறி நறுக்கிய கத்தியைத் தண்ணீரில் லேசாகக் காட்டிவிட்டு அதே பலகையில் வெங்காயப் பச்சடிக்கு நறுக்குகிறோமே? பூனைக்குப் பயப்படும் வீடுகளில் இதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளும் இருக்கும் வீடுகளில் தயவுசெய்து இதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஐஜிஎம் நெகட்டிவ் என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த அம்மா இரண்டு தடவை மார்க்கெட்டுக்குப் போய்ப் பூனையைத் தேடிவிட்டு வந்தார். இன்னும் கிடைக்கவில்லை. சாம்பல் நிறம், இடது காதில் ஒரு பழைய கிழிசல்.